எட்டு அறை, மூன்று கார், ஒரே ஆள்

ஐயாயிரம் பேர் இருந்தால் ஆள், இல்லாவிட்டால் திரை. ஆஸ்பத்திரியின் புது விதி அவ்வளவுதான். அதைச் சொல்ல மேலாளர் பமேலாவுக்கு முக்கால் மணி நேரமும் பதினான்கு பக்கக் காகிதமும் தேவைப்பட்டன.

தில்மாயா சிவாகோட்டி அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நேபாளி மொழிபெயர்ப்பாளர். டாக்டர் சொல்வதை நோயாளியிடமும் நோயாளி சொல்வதை டாக்டரிடமும் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று கையை உயர்த்திக் கொடுத்த உறுதிமொழி அது. ஒரு நாளும் அதை அவள் மீறியதில்லை. போன குளிர்காலத்தில் ஒரு பெரியவருக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது, அவருடைய மகன்கள் மூன்று பேரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அப்பாகிட்ட வயித்துப் புண்ணுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்று கெஞ்சினார்கள். அவள் புற்று என்றே சொன்னாள். அந்த மகன்கள் இன்றைக்கும் மளிகைக் கடையில் அவளைக் கண்டால் பருப்பு மூட்டைகளின் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

பமேலா மேஜைமேல் ஓர் அட்டவணையை விரித்தாள். ஆஸ்பத்திரிக் குழுமத்துக்குக் கிளைகள் உள்ள ஐந்து பெருநகரங்கள். பெயர், மொத்த ஜனம், அதில் நேபாளி பேசுகிறவர்கள். ஷிகாகோவில் தொண்ணூறு லட்சத்துக்கும் மேல் ஜனம். பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து, சின்சினாட்டி, கொலம்பஸ் நான்கும் இருபது லட்சத்தைத் தாண்டியவை, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது. பிட்ஸ்பர்க்கில் நேபாளி பேசுகிறவர்கள் ஐயாயிரத்து முந்நூற்று நாற்பது. இவர்கள் ஊரான கொலம்பஸில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

"பிட்ஸ்பர்க்ல ஆள் போடறாங்க தில்மாயா. இங்க டிசம்பரோட திரைதான். உங்க மேல எந்தக் குறையும் இல்ல, இது வெறும் எண்ணிக்கை."

"மோர்ஸ் ரோட்டுல ஒரு கல்யாணம்னா ரெண்டாயிரம் பேர் வராங்க பமேலா. மொத்தமே மூவாயிரத்துச் சொச்சமா?"

"வராங்க, நான் இல்லைன்னு சொல்லலை. கல்யாணத்துக்கு வந்தவங்களை நான் அட்டவணையில சேர்க்க முடியாதே. அரசாங்கம் வருஷா வருஷம் கொஞ்சம் வீடுகளுக்குப் படிவம் அனுப்புது. உங்க ஆட்கள் அதுல என்ன எழுதறாங்களோ அதுதான் எனக்குத் தெரியும். புது அட்டவணை டிசம்பர்ல வரும். அதுக்குள்ள எழுதச் சொல்லுங்க."

திரை என்றால் என்னவென்று தில்மாயாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் விடுப்பில் இருந்த ஒரு நாள், ஆறாவது மாடியில் சுக்மாயா என்ற எழுபது வயது அம்மாளுக்குக் கர்ப்பப்பைக் கோளாறு. கட்டில் பக்கத்தில் கோலில் மாட்டிய திரையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். திரையில் எங்கோ உட்கார்ந்திருந்த இளம் மொழிபெயர்ப்பாளன் ஒருவன், "அம்மா, எங்கே வலிக்குது?" என்று நேபாளியில் கேட்டான். சுக்மாயா தன் சால்வையை எடுத்துத் திரைக்குப் போர்த்திவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று டாக்டர் குறித்து வைத்தார். மறுநாள் தில்மாயா போய்க் கேட்டபோது, "அந்தப் பையன் என் பேரன் வயசு இருப்பான், அவன்கிட்ட என்னத்தைச் சொல்ல" என்றாள் சுக்மாயா.

அன்று சாயங்காலமே தில்மாயா ஊர் நேபாளிச் சங்கத்தின் தலைவர் ஹேம்லால் துங்கேலைப் பார்க்கப் போனாள். ஹேம்லால் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறார். நேபாளி பேசுகிறவர்கள் என்று பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு, நேபாளத்து அகதி முகாம்களில் பதினெட்டு, இருபது வருஷம் கிடந்து, ஒஹையோவுக்கு வந்து சேர்ந்த ஜனத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று காட்டிக் கொடுத்தவர். அதனால் எல்லோரையும் உரிமையோடு அதட்டுவார். சனிக்கிழமை பிட்ஸ்பர்க்கோடு கால்பந்துப் போட்டி. பள்ளி வாசலில் பெரிய பேனரை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். 'அமெரிக்காவிலேயே பெரிய ஊர் நம்ம ஊர். முப்பதாயிரம் பேர்!' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

"முப்பதாயிரம்னு யாரு எண்ணினது அண்ணே?"

"எண்ணணுமா என்ன? கண்ணால பார்த்தாலே தெரியுதே."

"அரசாங்கத்தோட கண்ணுக்குத் தெரியலை. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துன்னு போட்டிருக்கு. பிட்ஸ்பர்க் நம்மளைவிட அதிகம்."

மற்றதெல்லாம் அவர் காதில் விழுந்ததோ என்னவோ, பிட்ஸ்பர்க் விழுந்தது.

"பிட்ஸ்பர்க்கா? அங்க மலையும் பாலமும்தான் இருக்கு, ஆள் எங்க இருக்கு? அங்க இருந்தவன்ல பாதிப் பேர் வீடு வாங்க இங்க வந்துட்டான்."

"வந்தவங்க இங்க எழுதலை. அங்க இருக்கறவங்க ஒழுங்கா எழுதியிருக்காங்க. அதான் அவங்களுக்கு ஆஸ்பத்திரியில ஆளு, நமக்குத் திரை. உங்க வீட்டுக்குப் படிவம் வந்துச்சா அண்ணே?"

ஹேம்லால் பேனரின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "வந்திருக்கும். ஆயிரம் காகிதம் வருது."

"எழுதினீங்களா?"

"சனிக்கிழமை வா. மைக் தரேன். நாலு வார்த்தை பேசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மைக் கொடுப்பது தலைவர்களுக்குக் கைவந்த கலை.

தில்மாயா இருநூறு துண்டுக் காகிதம் அச்சடித்தாள். 'வீட்டில் இருக்கும் எல்லோரையும் எழுதுங்கள். ஒருவரையும் விடாதீர்கள். பேசும் மொழியை எழுதுங்கள்.' ஒன்றை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

இடைவேளையில் ஹேம்லால் மைக்கைப் பிடித்து, அமெரிக்காவிலேயே பெரிய ஊர் எது என்று கேட்டார். கொலம்பஸ் என்று மைதானமே கத்தியது. எத்தனை பேர் என்று கேட்டார். முப்பதாயிரம் என்று கத்தியது. பிறகு மைக் தில்மாயாவின் கைக்கு வந்தது. அவள் விஷயத்தைச் சொல்லி, "போன வருஷம் படிவம் வந்து, வீட்டுல இருக்கற அத்தனை பேரையும் எழுதினவங்க கையைத் தூக்குங்க" என்றாள்.

ஒரு கைகூட உயரவில்லை. முதல் வரிசையில் மோமோ தின்றுகொண்டிருந்த ஒருத்திதான் வாயைத் திறந்தாள்.

"எங்க வாடகைப் பத்திரத்துல அஞ்சு பேர்னு இருக்கு. பதினோரு பேர்னு எழுதினா வீட்டுக்காரன் எங்க பாத்திரத்தைத் தெருவுல வெப்பான்."

"அது வீட்டுக்காரனுக்குப் போகாது அக்கா."

"போகாதுன்னு நீ கையெழுத்துப் போட்டுத் தருவியா?"

"முகாம்ல செத்துப்போன மாமியார் பேருக்கு ஆறு மாசம் அரிசி வாங்கினவங்க நீங்க. இங்க உயிரோட இருக்கற ஆறு பேரை மறைக்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பின்வரிசையில் நின்ற ஓர் ஆள் மட்டும் சிரிக்கவில்லை.

"மார்ச்சுல குடியேற்றப் போலீஸ் வந்து, நாடு கடத்த நம்ம பையனுங்க ரெண்டு பேரை வாசல்ல வெச்சே கூட்டிட்டுப் போனாங்களே, அவங்க விலாசம் எந்தக் காகிதத்துலேருந்து கெடைச்சுது?"

சிரிப்பு நின்றது.

"இதுலேருந்து இல்ல" என்றாள் தில்மாயா. "இந்தப் படிவத்துல இருக்கற பேரை வேற எந்த இலாகாவுக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. கொடுத்தவனுக்கு ஜெயில். நானே படிச்சுப் பார்த்தேன்."

"சட்டம் பூட்டான்லயும்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவன் பந்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

முந்தின நாள் மழையில் புல் நனைந்திருந்தது. இரண்டாவது பாதி தொடங்கியபோது அவளுடைய இருநூறு காகிதமும் இருநூறு பேருக்கு அடியில் இருந்தன. பிட்ஸ்பர்க் இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. அவளுக்கு வந்த எரிச்சலில் அதுவாவது நடந்ததே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள். கணவன் கேசவ் லாரி ஓட்டிக்கொண்டு டெக்ஸாஸ் பக்கம் போயிருந்தான். கேட்க இருந்தது மாமனார் நந்தலால், மாமியார் பவித்ரா, பவித்ராவின் விதவைத் தங்கை என மூன்று பேர்தான்.

"முப்பதாயிரம், முப்பதாயிரம்னு தொண்டை கிழியக் கத்தறாங்க. ஒருத்தன் எழுதலை. வாய் மட்டும் முப்பதாயிரம் பேருக்கு இருக்கு. பேனா பிடிக்கக் கை இல்ல. நாளைக்கு நெஞ்சு வலின்னு போய்ப் படுத்து, திரையைப் பார்த்துப் பேந்தப் பேந்த முழிக்கும்போது தெரியும்."

நந்தலால் சோபாவில் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தார். கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். பவித்ரா கீரையை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஊரைத் திட்டினது போதும். உன் மாமாவைக் கேளு" என்றாள்.

"என்னத்தைக் கேட்கணும் அத்தை?"

"நம்ம வீட்டுக்கும் அந்தக் காகிதம் வந்துச்சு. வசந்த காலத்துல. அவர்தான் எழுதி அனுப்பினார்."

நந்தலாலுக்கு எந்தக் காகிதமானாலும் ஒரு நகல் எடுத்து வைக்காமல் அனுப்பக் கையே வராது. அவருடைய பிளாஸ்டிக் உறையில், பூட்டானில் அவர் அப்பா 1958-ல் கட்டிய நிலவரி ரசீது முதல் போன மாதம் வந்த பல் டாக்டர் சீட்டு வரை எல்லாம் வரிசையாக இருக்கும். தில்மாயா அலமாரியிலிருந்து உறையை எடுத்துப் புரட்டினாள். படிவம் இருந்தது.

வீட்டில் அறைகள்: எட்டு. கார்கள்: மூன்று. வசிப்பவர்கள்: ஒருவர். பெயர், நந்தலால் சிவாகோட்டி. வயது எழுபத்து நான்கு. வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா? இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது பாதியிலேயே கோபமாகிவிட்டது. இந்தப் படிவம் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. சீட்டுக் குலுக்கின மாதிரி ஏதோ நாற்பது வீட்டில் ஒரு வீட்டுக்கு வரும். வந்த வீடு மற்ற வீடுகளுக்கும் சேர்த்துப் பேசும். ஊரெல்லாம் அவள் நேபாளி பேசுகிறவர்களைத் தேடிக்கொண்டிருக்க, நேபாளியில் சண்டை போட்டு நேபாளியில் சமாதானமாகும் ஒன்பது பேர் இருக்கிற அவள் வீட்டிலிருந்து போன கணக்கு, ஒரு தனிக்கட்டை இங்கிலீஷ்காரர்.

"மாமா, மூணு காரையும் நீங்களா ஓட்டறீங்க?"

"எனக்கு லைசென்ஸ் கிடையாதே."

"அப்புறம் ஏன் மூணுன்னு எழுதினீங்க?"

"மூணு இருக்கே. பொய் எழுதச் சொல்றியா?"

"ஆள் விஷயத்துல மட்டும் பொய் எழுதலாமா?"

"ஆள் உள்ள இருக்கு. கார் வாசல்ல நிக்குது. வர்றவன் போறவன் கண்ணுல படுதே."

"இங்கிலீஷ்தான் பேசறேன்னு வேற எழுதியிருக்கீங்க."

"குடியுரிமைப் பரீட்சையில இங்கிலீஷ்லதான் பேசினேன். நூறு கேள்வி மனப்பாடம். இப்ப வேற பாஷைன்னு எழுதினா, அன்னிக்கு எப்படிடா பாஸ் பண்ணேன்னு கேட்டுட்டு வந்தான்னா?"

"யாரும் வர மாட்டாங்க மாமா. நாலாயிரம் பேர்கூட இல்லைன்னு கணக்குக் காட்டி என் வேலையைப் பிடுங்கப் போறாங்க. அத்தைக்கு இதய டாக்டர்கிட்ட யார் பேசுவா? நீங்க பேசுங்க இனிமே, உங்க இங்கிலீஷ்ல."

நந்தலாலுக்கு ரோஷம் வந்துவிட்டது. உறையை அவள் கையிலிருந்து வாங்கி, அந்தப் பழைய வரி ரசீதை மட்டும் வெளியே எடுத்தார்.

"எண்ண வந்தவன்கிட்ட நானும் ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். பூட்டான்ல, எண்பத்தெட்டுல. அம்பத்தெட்டு ரசீது இருந்தாத்தான் பூட்டான்காரன்னு சட்டம். வரிசையில நின்னு, இந்த ரசீதைக் காட்டி, வீட்டுல இருக்கற ஆறு பேரையும் சொன்னேன். பெண்டாட்டி இந்தியாவுல, கலிம்போங்ல பொறந்தவன்னும் சொன்னேன். கேட்டான், சொன்னேன். என்னை ஒண்ணாம் வகை, அசல் குடிமகன்னு எழுதினான். இவளை நாலாம் வகை, அந்நியப் பொம்பளைன்னு எழுதினான். புள்ளைங்களுக்கு வேற ஒரு வகை. ஒரே அடுப்புல வெந்ததைத் தின்ன ஆறு பேரை மூணாப் பிரிச்சான். ரெண்டு வருஷத்துல எல்லாரும் லாரியில. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா?"

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"அது பூட்டான் மாமா. இது ஒஹையோ."

"அப்ப டீகாவை ஏன் பேஸ்மென்ட்ல படுக்க வெச்சிருக்கே? காலிங் பெல் அடிச்சா லைட்டை அணைச்சுடுன்னு நீதானே அவன்கிட்ட சொன்னே?"

டீகாராம் அவளுடைய கொழுந்தன். எட்டு வருஷத்துக்கு முன்பு குடித்துவிட்டுக் கார் ஓட்டி, நிறுத்திய போலீஸ்காரரோடு மல்லுக்கு நின்று, அதற்கான தண்டனையையும் அனுபவித்து முடித்தவன். இப்போது தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை. கோழிப் பண்ணையில் இரவு வேலை, பகலில் தூக்கம். அந்த வழக்கினால் அவன் ஒருவனுக்கு மட்டும் குடியுரிமை கிடைக்கவில்லை. மார்ச்சில் கூட்டிக்கொண்டு போன இரண்டு பேருக்கும் இப்படிப் பழைய வழக்குகள்தான் இருந்தன.

"அது வேற" என்றாள் தில்மாயா.

"எது வேற?"

அவள் கைகால் கழுவப் போனாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் அவரை விடவில்லை. சோறு போடும்போது சொன்னாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது சொன்னாள், அவர் கோவிலுக்குப் போகக் காரில் ஏறும்போது, "மூணுல எந்தக் கார் மாமா வேணும்?" என்று கேட்டாள்.  கடைசியில் அவரை அசைத்தது அவள் இல்லை, பவித்ரா. ஒரு நாள் காலை டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"அன்னிக்கு அந்த ஆபீசர் நான் உங்க குடும்பமே இல்லைன்னு எழுதினான். அவன் எதிரி, எழுதினான். இப்ப நீங்களும் என்னை விட்டுட்டுத்தானே எழுதியிருக்கீங்க."

அவர் டீயைக் குடிக்கவே இல்லை. அன்று மதியம் தில்மாயாவைக் கூப்பிட்டு, "மறுபடி எண்ண யாராவது வந்தாங்கன்னா எல்லாரையும் சொல்றேன்" என்றார்.

வந்தார்கள். எழுபத்து நான்கு வயதில் தனி ஆளாக மூன்று கார் வைத்திருக்கும் பெரியவரை அரசாங்கத்துக் கம்ப்யூட்டராலேயே நம்ப முடியவில்லை போலிருக்கிறது. நேரில் விசாரிக்க அலுவலர் வருவார் என்று கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லொரேன் என்ற பெண்மணி கையகலக் கணினியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்து உட்கார்ந்தாள். அறுபது வயதிருக்கும். இஞ்சி டீயை வாங்கி ஒரு வாய் குடித்து, நன்றாக இருப்பதாகச் சொன்னாள். தில்மாயா தன் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"அட, தொழிலே இதுதானா? அப்ப எனக்குக் கவலையே இல்ல" என்றாள் லொரேன். "அவர் என்ன சொல்றாரோ அதை அப்படியே சொல்லுங்க. வீட்டுல இருக்கறவங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்லுங்க."

நந்தலால் இஸ்திரி போட்ட சட்டையும் டாக்கா துணியில் தைத்த நேபாளித் தொப்பியும் அணிந்து, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் தன் பெயரைச் சொன்னார். பிறகு பவித்ரா. பெயரைச் சொல்லிவிட்டு, "என் பெண்டாட்டி, கலிம்போங்ல பொறந்தவ" என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னார். தில்மாயா அதையும் சொன்னாள். வாசல்படியில் நின்ற பவித்ரா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பெயருக்கும் லொரேன் அதே கேள்விகளைக் கேட்டாள். வயது, பிறந்த இடம், வீட்டில் பேசும் மொழி, அமெரிக்கக் குடியுரிமை உண்டா. நேபாளி, உண்டு. நேபாளி, உண்டு. பவித்ராவின் தங்கை. கேசவ். தில்மாயா. மூன்று குழந்தைகள். நேபாளி, உண்டு. சொல்லச் சொல்ல தில்மாயாவின் மனசு குளிர்ந்தது. ஒன்றாக இருந்தது எட்டாகிவிட்டது. இந்த ஒரு வீட்டைப் போல நூறு வீடு சொன்னால் போதும், பமேலா தன் அட்டவணையை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

"வேற யாராவது இருக்காங்களா?" என்று லொரேன் கேட்டாள்.

தில்மாயா கேட்டாள். நந்தலால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருக்கான். டீகாராம் சிவாகோட்டி, என் ரெண்டாவது மகன். முப்பத்தெட்டு வயசு. கோழிப் பண்ணையில வேலை. இப்ப கீழ தூங்கிட்டு இருக்கான். அவனுக்கு மட்டும் குடியுரிமை இல்ல, கிரீன் கார்டுதான். முன்னாடி ஒரு தப்புப் பண்ணினான், இப்ப நல்லா இருக்கான். ஒன்பது பேர். அவ்வளவுதான், யாரையும் விடலை."

சொல்லி முடித்து அவர் மூச்சு விட்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக உள்ளே வைத்திருந்த பயத்தை இறக்கி வைத்த முகம் அது. மருமகளைப் பார்த்து, சரிதானே என்பது போலத் தலையை ஆட்டினார்.

லொரேனின் விரல் கணினியின்மேல் காத்திருந்தது. அதில் அடுத்து வரப்போகும் கேள்விகள் தில்மாயாவுக்குத் தெரியும். வயது, பிறந்த இடம், மொழி, அப்புறம் அது. பெயர்கள் எங்கும் போகாது என்று சட்டம் இருக்கிறது. அவள் படித்திருக்கிறாள். மைதானத்தில் மைக்கில் சொல்லியிருக்கிறாள். அது உண்மை என்று இந்த நிமிஷமும் நம்பினாள். நம்பியும் வாய் வரவில்லை.

"என்ன சொல்றார்?" என்றாள் லொரேன்.

"வேற யாரும் இல்லைன்னு சொல்றார்."

லொரேன் புருவத்தை உயர்த்தினாள். "ரொம்ப நேரம் பேசினாரே?"

"வயசானவர். சுத்தி வளைச்சுத்தான் பேசுவார்."

"எங்க அப்பாவும் அப்படித்தான்" என்று சிரித்தாள் லொரேன். "அப்ப எட்டு பேர்."

"எட்டு."

நந்தலாலுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் நூறு கேள்வி மனப்பாடம் செய்தவருக்கு எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியும். அவர் மருமகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

லொரேன் டீயை மிச்சம் வைக்காமல் குடித்து, எல்லோருக்கும் நன்றி சொல்லி, வாசலில் நின்ற மூன்று கார்களையும் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். தில்மாயா கதவைச் சாத்தினாள். அவள் கேட்டது நடந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து எட்டு நேபாளி வாய்கள் கணக்கில் ஏறிவிட்டன. 

"நான் ஒன்பதுன்னு சொன்னேன்" என்றார் நந்தலால்.

"கேட்டுச்சு மாமா."

"கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்னு சொல்வியே. சாகக் கிடந்தவர்கிட்டகூட மறைக்க மாட்டேன்னு சொன்னவ நீ."

அவள் லொரேன் குடித்த கோப்பையை மேஜையிலிருந்து எடுத்தாள்.

"அப்ப மூணு வாரமா என்னை எதுக்குத் திட்டினே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேலியாகவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பதிலுக்கு அவள் வாயில் வந்ததெல்லாம், அது வேற என்ற பழைய இரண்டு சொற்கள்தான். அதையும் விழுங்கினாள்.

பேஸ்மென்ட் கதவு கிரீச்சிட்டது. டீகாராம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியில் பாதி ஏறி நின்றான். பெல் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, இவ்வளவு நேரமும் இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

"யார் வந்தது அண்ணி? போயிட்டாங்களா?"

"எண்ண வந்தவங்கடா" என்றார் நந்தலால், அவள் பேசுவதற்கு முன்னால். "போயிட்டாங்க."

"என்னையும் சேர்த்துக்கிட்டாங்களா? அண்ணி வேலை நிலைக்கணும்னா கணக்குல ஆள் கூட வேணும்னு சொன்னாங்களே, அதான் கேட்டேன்."

நந்தலால் மருமகளைப் பார்க்காமல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "சேர்த்துக்கிட்டாங்க. நீ போய்த் தூங்கு" என்றார்.

டீகாராம் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். தில்மாயாவுக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மேஜைமேல் கிடந்த மொழிபெயர்ப்பாளர் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.